காது கேட்காத ராஜபாளையம் குட்டி: விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன்பு 18,000 ரூபாய் கொடுத்து ராஜபாளையம் குட்டி வாங்கினேன். அப்போது அதற்கு 45 நாள். "சுத்த பால்வெள்ளை, ரோஸ் மூக்கு, தாய் தகப்பன் ரெண்டும் ஃபுல் ஹெல்த்தி" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார் விற்றவர். வீட்டுக்கு வந்தபின் கூப்பிட்டால் திரும்பவே இல்லை. மூன்றாவது வாரமே அவருக்குத் தகவல் அனுப்பினேன். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்கிறார் கால்நடை மருத்துவர். "கொண்டு வந்து விடுங்க, வேற குட்டி தரேன், பணம் தர முடியாது" என்கிறார் விற்றவர். ரசீதில் 'விற்ற குட்டி திரும்பப் பெறப்படாது' என்றும் அச்சடித்திருக்கிறார். என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி அசையும் சொத்து எல்லாமே 'பொருள்'தான். நாயை அப்படிச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் உங்களுக்கு வழி திறப்பது அந்த வரையறைதான். விற்பவர் எந்த விதத்திலாவது உறுதி சொன்ன தரத்தில் குறை இருந்தால் அதுவும் 'குறைபாடு' என்கிறது அதே சட்டம். ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் பெரிய பலம். போன் மாற்றினாலும் அது அழியாதபடி இன்றே பத்திரப்படுத்துங்கள்.

ரசீதில் உள்ள வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரசீதில் காலக்கெடு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நீங்கள் மூன்றாவது வாரமே சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று.

அவர் தரப்பில் இரண்டு வாதம் வரும். முதலாவது, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-ன் 16-ஆவது பிரிவில் இதற்கு இடம் உண்டு. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல. ஆனால் இந்தக் குறை அப்படிக் கண்ணில் படுவதில்லை. காது கேட்காத குட்டி மற்ற குட்டிகள் ஓடினால் தானும் ஓடும், தாய் எழுந்தால் தானும் எழும். தனியாகத் தூங்கும்போது தட்டினால் மட்டுமே எழுகிறது என்பதைக் கூடவே இருந்தவர்தான் கவனிக்க முடியும். அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, "இயற்கை, நான் என்ன செய்ய?" இங்கேதான் நான் அழுத்திப் பேசுவேன். வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுக்கும் உள்ள தொடர்பு நாய் வளர்ப்பவர்கள் அறிந்ததுதான். நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் அமைப்பு சிதைந்துவிடும். டால்மேஷன் என்ற புள்ளி நாய் இனத்திலும் இதே கதைதான். ஒரு காது மட்டும் கேட்காத நாய் வெளியே பார்க்க முழு ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் அதை இனப்பெருக்கத்துக்கு விட்டால் பிறக்கும் குட்டிகளில் செவிட்டுக் குட்டி வரும் வாய்ப்பு கூடும். இதைக் கண்டுபிடிக்க, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் எதிர்வினையை அளக்கும் பி.ஏ.இ.ஆர். சோதனை இருக்கிறது. குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனாலே செய்யலாம். ரோஸ் மூக்கைக் காட்டி விலை கேட்பவருக்கு, தாய் தகப்பன் காதைச் சோதிக்கும் பொறுப்பும் உண்டு. 'ஃபுல் ஹெல்த்தி' என்று எந்தச் சோதனையை வைத்து எழுதினார் என்று அவருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே கேளுங்கள். கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது வம்சாவளிக்கான சான்று, உடல்நலத்துக்கு அல்ல.

அப்புறம், 45 நாள் குட்டியை விற்றதே தவறு. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது, மைக்ரோசிப் இருக்க வேண்டும், வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் வாரியத்துக்குத் தனியாகப் புகார் கொடுங்கள்.

முதலில் மருத்துவரிடம் எழுத்தில் சான்றிதழ் வாங்குங்கள். அருகில் வசதி இருந்தால் பி.ஏ.இ.ஆர். சோதனையும் செய்துவிடுங்கள். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரில் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு வருடம்.

கடைசியாக, மாற்றுக் குட்டி விஷயம். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். திருப்பிக் கொடுத்த செவிட்டுக் குட்டிக்கு அங்கே என்ன நடக்கும் என்று அவரைக் கேட்டால் நேரான பதில் வருமா என்பது சந்தேகம். நிறத்துக்காக அதையே இனப்பெருக்கத்துக்கு விடவும் கூடும். மாற்றுக் குட்டியும் அதே தாய் தகப்பனுக்குப் பிறந்ததாக இருந்தால் அதே ஆபத்துதான். நாயை நீங்களே வைத்துக்கொண்டு, விலையின் பெரும் பகுதி, மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு மூன்றையும் கேளுங்கள். கையசைவுக்குப் பழக்கினால் அது நன்றாகவே வாழும். வெளியே மட்டும் வாரில்லாமல் விடாதீர்கள், வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது. வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள், அந்த ரசீதையும் வழக்குக் கோப்பில் சேருங்கள்.