உடனே எடுத்துவிட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 63 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ பரிசோதனை 6.1 என்று வந்ததால், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியில் பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுத்தார்கள். 12 துணுக்குகளில் இரண்டில் புற்றுநோய், அதன் தீவிரத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 6. 'அவசரமில்லை, கண்காணித்து வரலாம். ஆபரேஷனும் செய்யலாம். யோசித்துச் சொல்லுங்கள்' என்கிறார் டாக்டர். மகன் உடனே தேதி வாங்கச் சொல்கிறான். மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. கேன்சரை உள்ளே வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் 'சும்மா' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை பிஎஸ்ஏ, தேவைப்படும்போது எம்ஆர்ஐ ஸ்கேன், ஓராண்டு வாக்கில் மறுபடி பயாப்சி, நோயின் குணம் மாறினால் அன்றைக்கே சிகிச்சை. டாக்டர் சொல்லும் கண்காணிப்பு இதுதான். நான் மருத்துவன் இல்லை. அண்ணனுக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவன், அவ்வளவே.

அண்ணனுக்கு க்ளீசன் 7, உங்களுடையதைவிடத் தீவிரமானது, அதிலும் நான்கு கூட்டல் மூன்று என்கிற கடுமையான வகை. ஆபரேஷன் தேவைப்பட்டது, செய்தோம், இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் நாற்காலியிலிருந்து எழும் முன் இரு கைப்பிடிகளையும் பற்றி ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பந்தி எங்கே என்று கேட்கிற மனிதர், இப்போது கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் பார்க்கிறார். பையில் எப்போதும் மாற்று வேட்டி ஒன்று இருக்கும். தாம்பத்தியம் பற்றி அவர் பேசியதில்லை, அண்ணிதான் ஒருநாள் என் மனைவியிடம் சொல்லி அழுதார். உயிருக்கு ஈடாக அவர் அதைக் கொடுத்தார். நீங்கள் எதற்கு ஈடாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

பிரிட்டனில் 'ப்ரொடெக்ட்' என்ற ஆய்வில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023-இல் வந்தது. இந்த நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், ஆபரேஷனில் 2.2 சதவீதம். சிறுநீர்க் கசிவுக்காக ஆறாம் ஆண்டிலும் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 17 சதவீதம், கண்காணிப்பில் 8.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய் வேறு இடங்களுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், ஆபரேஷனில் 4.7. அந்த ஆய்வில் உங்களைவிடத் தீவிரமான நோய் உள்ளவர்களும் இருந்தார்கள், கண்காணிப்பும் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையை நம்பியே நடந்தது. இன்றைய எம்ஆர்ஐ அதில் இல்லை. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர் 15 ஆண்டுக்குள் சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றால் ஆபரேஷன் கதவு மூடிவிடும் என்று அவர் பயப்படுகிறார்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் கண்காணிப்பைத்தான் எடுப்பேன். அதற்கு முன் பயாப்சி ஸ்லைடுகளை வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுவேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து மாறுகிற இடம் உண்டு. எம்ஆர்ஐ எடுக்காமலிருந்தால் எடுங்கள். குடும்பத்தில் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இதே நோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று பயமாக இருக்கிறது. நம் ஆட்கள் வலியில்லை என்றால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டார்கள். இரண்டு பரிசோதனை ஒழுங்காக வந்ததும் மூன்றாவதைத் தள்ளிப்போடுகிறவர் நீங்கள் என்றால், அல்லது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு வாரம் தூக்கம் போய்விடும் என்றால், ஆபரேஷன் செய்துகொள்வதில் தவறே இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் அழைத்துப்போய், 'எனக்கு என்றால் பேட், தாம்பத்தியம் எப்படி இருக்கும்' என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். எம்ஆர்ஐ வந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.