ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் மரபுப் பாதுகாப்பு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, மகளை அனுப்பலாமா?

அமெரிக்காவில் மரபுக் கட்டடப் பாதுகாப்பு முதுகலை படிக்கும் மகளுக்கு ஒரு பழைய நேஷனல் செமட்டரியில் (படைவீரர்களுக்கான தேசியக் கல்லறைத் தோட்டம்) கோடைக்கால இன்டர்ன்ஷிப் வந்திருக்கிறது, அங்கே என்ன வேலை இருக்கும், அதை வைத்துப் பின்னால் வேலை கிடைக்குமா, கல்லறையில் மூன்று மாதம் என்பதே மனதுக்கு ஒப்பவில்லை என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார்.

அனுப்புங்கள் சார். நானும் அதே படிப்பைப் படித்து, தெற்கு மாநிலம் ஒன்றில் உள்நாட்டுப் போர்க்கால (1861-65, வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த போர்) கல்லறைத் தோட்டத்தில் ஒரு கோடை முழுக்க வேலை பார்த்தவள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். "இவ்வளவு படிச்சிட்டு சுடுகாட்டுல போய் நிக்கணுமா?" என்று அம்மா கேட்டார். தினமும் சாயங்காலம் போன் எடுத்தவுடன் அவருடைய முதல் கேள்வி "குளிச்சிட்டியா?" என்பதாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் நேரில் வந்தார். வரிசை பிசகாமல் நின்ற கற்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் பேசாமல் நடந்தார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

முதலில் அந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் வேலையின் தன்மையே அதைப் பொறுத்து மாறும். 150-க்கும் மேற்பட்ட தேசியக் கல்லறைத் தோட்டங்கள் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் இருக்கின்றன. ஆர்லிங்டன் இன்றும் ராணுவத்திடமே இருக்கிறது. கெட்டிஸ்பர்க், ஆண்டர்சன்வில் உட்பட 14 இடங்களைத் தேசியப் பூங்கா சேவை பார்த்துக்கொள்கிறது. நார்மண்டி, மணிலா போல வெளிநாட்டில் இருப்பவற்றுக்கு 1923-ல் தொடங்கிய தனி ஆணையம் உண்டு. பூங்கா சேவையின் இடங்களில் பெரும்பாலும் புதிய அடக்கம் நடப்பதில்லை, அதனால் ஒரு அருங்காட்சியகத்தின் அமைதி இருக்கும். நலத்துறையின் இடங்களில் பலவற்றில் அடக்கம் இன்றும் நடக்கிறது. நான் ஒரு பழைய மதிலை அளந்துகொண்டிருப்பேன், நூறு அடி தள்ளி ஒரு குடும்பம் கொடியை மடித்து வாங்கிக்கொண்டிருக்கும், ராணுவ இறுதி மரியாதைக்கு ஊதும் டாப்ஸ் என்ற மெட்டு கேட்டதும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்பேன். இது உங்கள் மகள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

சரி, வேலை. பலர் நினைப்பதுபோல நாள் முழுக்கக் கல்லைத் தேய்ப்பது இல்லை. என் நேரத்தில் பாதிக்கு மேல் கணக்கெடுப்பிலும் காகிதத்திலும் போனது. அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். 1862 ஜூலையில்தான் படைவீரர்களுக்கான கல்லறை நிலங்களை வாங்க லிங்கனுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தது. போர் முடிந்தபின் போர்க்களங்களிலும் சாலையோரங்களிலும் புதைந்திருந்த வடக்குப் படையினரின் உடல்களைத் தோண்டி எடுத்துச் சேர்த்தார்கள், சுமார் 3 லட்சம் பேர், அதில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. ஆரம்பத்தில் மரப்பலகைதான் நட்டார்கள். பலகை சில வருடங்களில் மட்கிவிடும், மாற்றிக்கொண்டே இருக்கும் செலவைத் தாங்க முடியாமல் 1873-ல் பளிங்குக் கல்லுக்கு வந்தார்கள். பெயர் தெரிந்தவருக்கு 10 அங்குல அகலம், 4 அங்குலக் கனத்தில் மேல்பக்கம் லேசாக வளைந்த கல், முகப்பில் குழிவாகச் செதுக்கிய கேடயம், அதற்குள் எண், பெயர், மாநிலம். பெயர் தெரியாதவருக்கு 6 அங்குலச் சதுரக் கட்டை ஒன்று, அதன் தலையில் வெறும் எண். இவற்றை முதல் நாள் பார்த்தபோது எல்லைக்கல் என்றே நினைத்துவிட்டேன், அருகில் போய்க் குனிந்தபிறகுதான் ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று உறைத்தது.

கணக்கெடுப்பில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு உதவும். கேடயம் இருக்கும் கல் எல்லாமே 1870-களின் கல் என்று நினைத்து இரண்டு வரிசையை அப்படியே பதிவு செய்துவிட்டேன். என் மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை, அளக்கும் டேப்பைக் கையில் கொடுத்து "அகலத்தைப் பார்" என்றார். சில கற்கள் 10 அங்குலம், சில 12. கல்லின் அளவை 1903-ல்தான் பெரிதாக்கினார்கள், ஆக 12 அங்குலக் கல் பின்னால் மாற்றி நட்ட கல். கண்ணுக்கு ஒரே வரிசை, ஒரே வெள்ளை, ஆனால் முப்பது வருட இடைவெளி. இரண்டு வரிசையையும் மறுபடி அளந்தேன்.

இந்த "மாற்றி நட்ட கல்" என்பதில்தான் இந்த வேலையின் முக்கியமான சிக்கலே இருக்கிறது. கல்லறை நிர்வாகத்தின் கடமை, அந்த இடத்தைத் தேசத்தின் புனித இடமாக வைத்திருப்பது. கல் நேராக நிற்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். மரபுப் பாதுகாவலரின் கடமை, 150 வருடக் கல்லை அதன் வயதோடு காப்பாற்றுவது. எழுத்து மங்கிய கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல் நட்டால் அந்த வீரரின் பெயர் மறுபடி தெரியும், அது அவருக்குச் செய்யும் மரியாதை. அதே சமயம் அவருக்காக அன்றைக்குச் செதுக்கிய கல் போய்விடும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கேட்டால், பெயர் ஓரளவாவது படிக்க முடிகிறவரை பழைய கல்லே நிற்கட்டும் என்பேன். ஆனால் என் தாத்தா அங்கே இருந்தால் இதையே சொல்வேனா என்று எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுத்தம் செய்வதும் இதே கதைதான். பளிங்கு பார்க்கத்தான் உறுதியானது. மழையும் காற்றிலுள்ள அமிலமும் பட்டுப்பட்டு மேல்பரப்பு சர்க்கரை போல உதிர ஆரம்பிக்கும், விரலால் தடவினாலே மாவாக வரும், அந்த நிலையில் பிரஷ் போட்டால் எழுத்தும் சேர்ந்தே போகும். கம்பி பிரஷ் கூடவே கூடாது, பிரஷர் வாஷர் கூடாது. பிளீச் போட்டால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் கல்லுக்குள் உப்பு தங்கி, பின்னால் அது படிகமாகும்போது கல்லை உள்ளிருந்தே உடைக்கும். லூசியானாவின் நாக்கடிஷ் ஊரில் இருக்கும் தேசிய மரபுப் பாதுகாப்புத் தொழில்நுட்ப மையம், கல்லறை நிர்வாகத்துக்காகவே எந்தக் கரைசல் பளிங்குக்குக் கெடுதல் செய்யாது என்று பல வருடம் சோதித்தது. அதில் நன்றாக வந்தது டி-டூ என்ற பாசிக்கொல்லிக் கரைசல். முதலில் கல்லை நன்றாக நனைத்து, கரைசலைத் தெளித்துக் காத்திருந்து, மென்மையான பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். முழு வெண்மை அன்றே வராது, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுக்கும். கல்லுக்குப் பெரிய சேதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? புல் வெட்டும் எந்திரத்திலிருந்து. அடிப்பாகத்தில் டிரிம்மரின் நைலான் நூல் போட்ட தழும்புகளை நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருக்கிறேன்.

கல்லைத் தவிர மதில், கண்காணிப்பாளர் வீடு, கொடிமரம், இரும்புப் பலகை என்று நிறைய இருக்கிறது. 1867 சட்டம் ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுவேலியும் கண்காணிப்பாளருக்கு ஒரு வீடும் வேண்டும் என்றது. அந்த வீடுகளில் பலவற்றை, படையின் தலைமைக் கொள்முதல் அதிகாரியாக இருந்த மாண்ட்கோமரி மீக்ஸ் காலத்தின் ஒரே மாதிரி வரைபடத்தை வைத்துக் கட்டினார்கள், மேலே சாய்வு குறைந்தும் கீழே செங்குத்தாகவும் இறங்கும் பிரெஞ்சு பாணி மான்சார்ட் கூரையோடு. இன்றைக்குப் பெரும்பாலும் யாரும் அதில் குடியிருப்பதில்லை, அதனால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, பூட்டிய வீடு எவ்வளவு சீக்கிரம் வீணாகும் என்று நமக்குத் தெரியாதா. மதிலில் பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடத்தில் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள். சிமென்ட் செங்கல்லைவிடக் கெட்டி, ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கல்லே பொரிந்து விழும். எங்கே சுண்ணாம்பு, எங்கே சிமென்ட் என்று ஒரு மதிலை அடி அடியாகக் குறித்து வரைபடம் போட எனக்கு இரண்டு வாரம் ஆனது, அந்தக் கோடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு நேரடிப் பதில் 1966-ன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. மத்திய அரசின் பணமோ அனுமதியோ இருக்கும் எந்த வேலையானாலும், அது வரலாற்று இடத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும், மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கலந்து பேச வேண்டும். இடிக்கக் கூடாது என்று இந்தப் பிரிவு சொல்வதில்லை, யோசித்து, கேட்டுவிட்டுச் செய் என்கிறது. 2020-ல் நடந்ததைப் பாருங்கள். டெக்சஸின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் கல்லறையில் இரண்டு, யூட்டாவின் ஃபோர்ட் டக்ளஸில் ஒன்று, இரண்டாம் உலகப்போரில் கைதிகளாக இருந்து இறந்த ஜெர்மானியரின் கற்களில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னம் இருந்தது. எடுக்கச் சொல்லிக் கடும் கோரிக்கை எழுந்தது. அப்போதுகூட 106-ஆம் பிரிவின்படி கலந்தாலோசனை நடத்தி, அதற்குப் பிறகுதான் டெக்சஸில் இருந்த இரண்டையும் அந்த டிசம்பரில் எடுத்துப் புதுக்கல் நட்டார்கள். எடுத்த கற்களை உடைக்கவில்லை, வரலாற்றுச் சேகரிப்பில் வைத்துக்கொண்டார்கள். இந்த நடைமுறைக்கான கடிதத்தையும் அறிக்கையையும் எழுதத் தெரிந்தவர்களைத்தான் கல்ச்சுரல் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் கம்பெனிகளும் (இந்த ஆய்வை ஒப்பந்தத்துக்குச் செய்து தருபவர்கள்) மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் ராணுவத் தளங்களும் தேடுகின்றன. இன்டர்ன்ஷிப்பில் ஒரே ஒரு அறிக்கையின் முதல் வரைவை எழுத வாய்ப்புக் கிடைத்தாலும் விடக் கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள், கேட்டு வாங்கியாவது எழுதட்டும். என்னை முதல் வேலைக்கு எடுத்தவர்கள் பார்த்தது அந்த வரைவைத்தான்.

சட்டம் இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் செய்யும் என்று எனக்குப் புரியவைத்த இடம் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா. 1864-ல் அங்கே இறந்த கறுப்பினப் படைவீரர்களை, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த மக்களின் கல்லறையில் புதைத்தார்கள். அந்த டிசம்பரில், லூவெர்ச்சூர் மருத்துவமனையில் படுத்திருந்த 400-க்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்கள் மனு எழுதினார்கள், நாங்களும் இந்த நாட்டின் படைவீரர்கள், எங்கள் தோழர்களைப் படைவீரர் கல்லறையிலேயே வையுங்கள் என்று. மனு ஏற்கப்பட்டு 1865 ஜனவரியில் உடல்களை மாற்றினார்கள். அந்தத் தேசியக் கல்லறை இன்றும் இருக்கிறது, கற்களில் யு.எஸ்.சி.டி. (யுனைடெட் ஸ்டேட்ஸ் கலர்ட் ட்ரூப்ஸ், அன்றைய கறுப்பினப் படைப்பிரிவுகளின் பெயர்) என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். அவர்கள் முதலில் இருந்த, சட்டப் பாதுகாப்பு இல்லாத சாதாரண மக்களின் கல்லறையில் சுமார் 1,700 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள், அது மறக்கப்பட்டு, 1950-களில் அதன்மேல் பெட்ரோல் பங்க் வந்தது. பின்னால் தொல்லியலாளர்கள் குழிகளைக் கண்டறிந்து, கட்டடங்களை அகற்றி, 2014-ல் நினைவிடம் ஆக்கினார்கள். முடிந்தால் உங்கள் மகள் ஒரே நாளில் இரண்டு இடத்தையும் பார்க்கட்டும், நடக்கிற தூரம்தான்.

மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. மத்திய அரசு நேரடியாக எடுக்கும் பாத்வேஸ் மாதிரியான இன்டர்ன்ஷிப்புகள் யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் வரும், அதற்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கூட்டு நிறுவனங்கள் வழியாக வரும் இடங்களுக்கு நிபந்தனைகள் வேறு வேறாக இருக்கும். மாணவர் விசாவில் இருந்தால் ஒப்புக்கொள்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சம்பளம் என்றால் பெரும்பாலும் உதவித்தொகை அளவுதான், தங்கும் செலவு அதில் அடங்குமா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், வெயிலுக்குத் தொப்பியும் உண்ணிக்கடி படாமல் நீளமான காலுறையும் முழங்காலுக்கு மெத்தையும் வாங்கிக் கொடுங்கள், கூடவே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஒரு அடிக்காவது இருக்கட்டும். எழுத்து மங்கிய கல்லில் சாக்பீஸ் தேய்ப்பதும் ஷேவிங் க்ரீம் பூசுவதும் கல்லைக் கெடுக்கும். கண்ணாடியோடு கல்லுக்குப் பக்கவாட்டில் நின்று, வெயிலைப் பிடித்து முகப்பின்மேல் சரிவாக விழும்படி திருப்பினால் போதும். வெறும் வெள்ளையாக இருந்த கல்லில் முதலில் கேடயத்தின் விளிம்பு எழும்பும், பிறகு எண், அதற்கப்புறம் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் வரும்.