ஆஃப்செட் ஸ்மோக்கரில் வெப்பம் நிற்கவில்லை: விலை கூடியதை வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஆஃப்செட் ஸ்மோக்கரில், அதாவது பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி வைத்து இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பில், வெப்பம் 90 டிகிரி செல்சியஸுக்கும் 150-க்கும் இடையே தாவுகிறது என்கிறீர்கள். தகடு மெல்லியது என்பதைவிடக் காற்றுக் கசிவுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். மூடி விளிம்பிலும் நெருப்புப் பெட்டி இணையும் இடத்திலும் காற்று புகுந்தால், காற்றுத் திறப்பை எவ்வளவு மூடினாலும் கரி தன் போக்கில்தான் எரியும்.

1. இருட்டிய பிறகு உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடுங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. மூடிக்குக் கண்ணாடியிழை கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) ஒட்டுங்கள்.

2. மூடியில் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள். இறைச்சியின் மட்டத்தில் தனி வெப்பமானி வையுங்கள். 20, 30 டிகிரி வித்தியாசம் சகஜம். தாவலில் பாதி அந்த முள்ளின் புளுகாகவும் இருக்கலாம்.

இதற்குப் பிறகும் 110-120-ல் நிற்கவில்லை என்றால் அப்போது செலவழியுங்கள். பணம் தகட்டின் கனத்துக்கும் வெல்டிங்குக்கும் போகட்டும்; பக்கத் தட்டு, சக்கரம், பளபளப்புக்கு அல்ல. 2 மி.மீ. தகடு காற்றடித்தாலே குளிர்ந்துவிடும், 6 மி.மீ. தாங்கும். ஆனால் அது சூடாக நேரமும் கரியும் கூடுதலாகப் பிடிக்கும், இரண்டு பேர் இல்லாமல் நகர்த்தவும் முடியாது.

ஒரு எச்சரிக்கை: சிலிக்கோன் பசை பூசுவதானால் உணவுக்கு ஏற்ற, அதிக வெப்பம் தாங்கும் வகையை இறைச்சி அறைப் பக்கம் மட்டும் பூசுங்கள். நெருப்புப் பெட்டியில் அது கருகிவிடும். அங்கே அடுப்புக்கான சிமெண்ட்தான் சரி. பெட்டியின் தகடே நெளிந்திருந்தால் எதைப் பூசியும் பயனில்லை.