டிராபெகுலெக்டமியா, ஸ்டென்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. திறந்த கோண கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். மூன்று சொட்டு மருந்துகள் போட்டும் கண் அழுத்தம் 24க்குக் கீழே வரவில்லை; பார்வைப் புலமும் சுருங்கி வருகிறது. ஒரு மருத்துவர் டிராபெகுலெக்டமி செய்யச் சொல்கிறார். இன்னொரு மருத்துவமனையில், கண்புரை அறுவையோடு சிறிய ஸ்டென்ட் வைத்தால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்வதானால், முதலாமவர் சொல்வதே பொருத்தம். மருந்தையும் மீறிப் பார்வைப் புலம் சுருங்கும் கண்ணில் அழுத்தம் பெரும்பாலும் 12 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூடியோடு கூடிய சிறு வழி திறந்து, உள்ளிருக்கும் நீரை மேல்சவ்வின் அடியில் வடியவிடும் டிராபெகுலெக்டமி அந்த அளவுக்கு இறக்கக்கூடியது. ஸ்டென்ட், கண்ணின் இயற்கையான வடிகாலுக்குள் வைக்கப்படுவதால், அழுத்தம் பொதுவாக 15ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆரம்ப நிலை நோய்க்கு அது போதும்.

'தையல் இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்' என்று விளக்கத்தாளை நீட்டும் ஆலோசகரிடம், அப்பாவின் இலக்கு அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவர் விற்பனையாளர். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைபாஸ் என்ற நுண்குழாய் ஸ்டென்ட், ஐந்தாண்டுக் கண்காணிப்பில் கருவிழியின் உட்புறச் செல்கள் கூடுதலாகக் குறைவது தெரிந்ததும், 2018இல் தயாரித்த நிறுவனத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. இழந்த பார்வை திரும்பும் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த அறுவையும் மிச்சத்தைத்தான் காக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கண்ணில் ஏற்கெனவே அறுவை நடந்து மேல்சவ்வு தழும்பேறியிருந்தால், தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவினாலும் புதிய வழி அடைபடும் வாய்ப்பு அதிகம். அப்போது அகமது, பேர்வெல்ட் என்ற பெயர்களில் வரும் வடிகுழாயே மேல். முன்பே அறுவை நடந்த கண்களை ஒப்பிட்ட ஆய்வொன்றில், ஐந்தாண்டு முடிவில் வடிகுழாய் வைத்தவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கும், டிராபெகுலெக்டமி செய்தவர்களில் சுமார் 47 சதவீதத்தினருக்கும் சிகிச்சை தோற்றது. ஆகவே விழித்திரை அறுவையோ காயத்துக்கான தையலோ, எத்தனை ஆண்டுக்கு முன் நடந்திருந்தாலும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோப்பைப் புரட்டிப் பார்க்கக்கூட நேரம் தராத புறநோயாளிப் பிரிவில் அதை அவராகக் கேட்பார் என்று நம்பியிராதீர்கள்.

கட்டணத்தை ஒரே தொகையாகச் சொல்பவர்கள் அறுவைக்குப் பிந்தைய வாரங்களைச் சொல்வதில்லை. டிராபெகுலெக்டமியின் வெற்றி பாதிக்குமேல் அந்த வாரங்களில்தான் இருக்கிறது: அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், தையலைத் தளர்த்த நேரலாம், அடிக்கடி வர வேண்டியிருக்கும். அந்த வருகைகளும் தொகையில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். பல ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கண் சிவந்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ, கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.