எங்க எம்.பி. 500 கேள்வி கேட்டாராம், அதனால் ஒரு பைசா பிரயோஜனம் உண்டா?

கேள்வி: "எங்கள் தொகுதி எம்.பி. ஐந்து வருடத்தில் 500 கேள்விகள் கேட்டார் என்று ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். உள்நாட்டு விவகாரம், வெளிநாட்டு விவகாரம் எல்லாம் கேட்டிருக்கிறாராம். இதனால் மக்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் உண்டா?"

அந்தப் போஸ்டரைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். உங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக் கிடக்கும், அதற்கு மேலேயே போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். எனக்கு வந்த எரிச்சல் வேறு. ஏனென்றால் அப்படிப்பட்ட 500-இல் பாதிக்கு மேல் எழுதியவன் நான். உங்கள் எம்.பி.க்கு இல்லை, வேறொருவருக்கு. டெல்லியில் அவருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் ஐந்து வருடம் உட்கார்ந்து எழுதினேன். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கமெண்டில் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவீர்கள்.

முதலில் ஒன்று. எம்.பி. அலுவலகத்தில் கேள்வி எழுதுவதுதான் முக்கிய வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். முக்கிய வேலை இ.க்யூ. ரயிலில் எமர்ஜென்சி கோட்டா. லெட்டர் பேடில் பி.என்.ஆர். எண்ணை எழுதி, கையெழுத்து வாங்கி, அனுப்பி, டிக்கெட் கன்ஃபர்ம் ஆனதா என்று சார்ட் போடும்வரை போனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் திட்டு எனக்கு. ஏப்ரல் வந்தால் கேந்திரிய வித்யாலயா சீட். எம்.பி.க்கு வருடத்துக்குப் பத்து சீட் சிபாரிசு செய்யும் உரிமை இருந்தது, 2022-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றைக்கு நான் மனதுக்குள் கைதட்டினேன். பத்து பேருக்குக் கொடுத்தால் முந்நூறு பேருக்கு எதிரி ஆவோம், அதில் என் சொந்தச் சித்தப்பாவும் ஒருவர். இன்றுவரை அவர் என் வீட்டுக்கு வருவதில்லை. மக்களவையில் எம்.பி. என்ன கேட்டார் என்று இந்த ஐந்து வருடத்தில் எனக்கு போன் போட்டுக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையிலிருந்து "பாண்டியன்ல ரெண்டு பெர்த்து" என்பார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20. அதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230, அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி ஏறும் என்பது குலுக்கல். 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது, கோர்ட்டில் இருப்பதைக் கேட்கக் கூடாது, மாநில அரசின் வேலையைக் கேட்கக் கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது என்றுகூட விதியில் ஒரு வரி இருக்கிறது.

இத்தனை வேலியையும் தாண்டி உள்ளே போன பிறகு, உங்கள் கேள்வியின் ஒரே பலம் அதில் இருக்கும் வார்த்தைதான். அரசாங்கம் எழுத்தில் அப்பட்டமாகப் பொய் சொல்லாது. சொன்னால் உரிமை மீறல், அவைக்குத் தவறான தகவல் என்று பிரச்சினை. ஆனால் நீங்கள் போட்ட வார்த்தைக்கும் நீங்கள் கேட்க நினைத்ததற்கும் நடுவில் விரல் நுழையும் அளவு சந்து இருந்தால் போதும், ஒரு முழு அமைச்சகமே அதன் வழியாக வெளியே போய்விடும்.

2021 ஜூலையில் மாநிலங்களவையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கையால் மலம் அள்ளும் வேலையில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதில். நாடே கொதித்தது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலுக்கு ஒரு மறைப்பு இருக்கிறது. 2013 சட்டத்தில் மலம் அள்ளுவது தனி, சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்கிச் சுத்தம் செய்வது தனி. விஷவாயு தாக்கி இறந்தவர்கள் எல்லாம் இரண்டாவது கணக்கு. வார்த்தையை மாற்றிப் போட்டால் கணக்கு வருகிறது. செத்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் கேள்வி எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் ஒருமுறை அப்படிச் சந்து விட்டேன். இந்தப் பதிலை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

எங்கள் தொகுதியில் கடற்கரை உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன விசைப்படகுகளைப் பற்றி ஒரு கேள்வி எழுதினேன். எத்தனை பிடிபட்டன, எத்தனை 'ரிலீஸ்' செய்யப்பட்டன என்று. கேள்வி ஆங்கிலத்தில்தானே போகும், எனக்குச் சட்டென்று வந்த வார்த்தை அது. நட்சத்திரம் இல்லாத கேள்வியாக ஏறியது. பதிலும் வந்தது. இத்தனை பிடிபட்டன, இத்தனை ரிலீஸ். எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. நானே உட்கார்ந்து செய்திக்குறிப்பு எழுதி லோக்கல் நிருபர்களுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். மறுநாள் பேப்பரில் எம்.பி. படத்தோடு வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, போன் செய்தார். அறுபது வயது இருக்கும். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, எம் போட்டு ரிலீஸ் ஆயிருச்சுன்னு பேப்பர்ல போட்டுருக்காக."

"ஆமாண்ணே, அரசாங்கமே சொல்லியிருக்கு."

"ரிலீஸ் ஆயி ஒன்றர வருசம் ஆச்சு தம்பி. அந்தக் கோர்ட்டு அப்பவே விட்டுருச்சு. போட்டு யாழ்ப்பாணத்துப் பக்கம் மயிலிட்டில தண்ணிக்குள்ள கெடக்கு. இஞ்சின் இல்ல, வலை இல்ல, பலகையெல்லாம் ஊறிப்போச்சு. இங்க பைனான்ஸ்காரன் பேப்பரத் தூக்கிட்டு வந்து, போட்டுதான் வந்துருச்சாம்ல, தவணையக் கட்டுங்கிறான். நான் என்ன சொல்ல?"

எனக்கு வாயே வரவில்லை. கோர்ட் விடுவிப்பது வேறு, படகு கரைக்கு வந்து சேர்வது வேறு. அங்கே வழக்கு முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை படகு வெயிலிலும் அலையிலும் கிடக்கும். விடுதலை ஆன பிறகும் இங்கிருந்து ஆள் போய்ப் பார்த்து, இரண்டு அரசாங்கத்திடமும் அனுமதி வாங்கி, ரிப்பேர் செய்து ஓட்டி வர வேண்டும் அல்லது கட்டி இழுத்து வர வேண்டும். கடற்கரையில் பத்து வயதுப் பையனுக்குக்கூட இது தெரியும். டெல்லியில் உட்கார்ந்து எழுதிய எனக்குத் தெரியவில்லை. அமைச்சகம் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தது.

அடுத்த கூட்டத்தொடருக்கு அவரையே போனில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். (அ) நீதிமன்றம் விடுவித்த படகுகள் எத்தனை, (ஆ) அவற்றில் இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தவை எத்தனை, (இ) வராதவை எங்கே, என்ன நிலையில் இருக்கின்றன, (ஈ) கொண்டுவரும் செலவு யாருடையது. நான்கே வரி, சந்து இல்லை என்று நினைத்தேன். முதலில் இது எங்கள் துறை இல்லை என்று வேறொரு அமைச்சகத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் தேதியும் மாறியது. பிறகு பதில் வந்தது. எடுத்ததும் "(அ) முதல் (ஈ) வரை" என்று தொடங்கியது. நான்கு கேள்விக்கும் சேர்த்து ஒரே பத்தி. மீனவர் நலனுக்கு அரசு மிகுந்த முன்னுரிமை தருகிறது, உயர்ந்த மட்டத்தில் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது, 2016-இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு கூடிப் பேசி வருகிறது. ஒரு எண் கிடையாது. "(அ) முதல் (ஈ) வரை" என்று பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும், கீழே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளிநாட்டு விவகாரத்தில் இது எப்போதும் கூடுதல். உள்நாட்டு விஷயம் என்றால் எங்காவது ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், அதில் ஒரு கணக்கு இருக்கும். 1957-இல் எல்.ஐ.சி. பணம் 1.24 கோடி ரூபாயை முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போட்ட விவகாரத்தை பெரோஸ் காந்தி அவையில் துளைத்தெடுத்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். விசாரணை கமிஷன் வைத்து, 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அது பணக் கணக்கு, பிடி கிடைத்தது. வெளியுறவில் அந்தப் பிடி எங்கே இருக்கிறது? நம் நாட்டில் அரசு ஓர் ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. 285 ஏக்கர் கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது, அவையில் அறிக்கை வந்தது ஜூலையில். தி.மு.க. எம்.பி. இரா. செழியன் எதிர்த்தார், ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் எதிர்த்தார். நடந்து முடிந்த கல்யாணத்துக்கு ஆட்சேபம் சொன்ன கதைதான்.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள் என்று தெரியும். "கடலடியை வாரும் இழுவைமடி வலை போட்டு அந்தப் பக்கத்துக் கடலை வழிப்பது யார், யாழ்ப்பாண மீனவனும் தமிழன்தானே" என்று. உண்மை. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது, அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தையும் ஏற்றியது. அவர்களுடைய வலையும் நம் விசைப்படகில் மாட்டிக் கிழிகிறது. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி யார் சரி என்பதல்ல. தண்ணீரில் கிடக்கும் படகை "வந்துவிட்டது" என்று பேப்பர் சொல்ல நான் காரணமானேன், அதைத் திருத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை குலுக்கலில் நட்சத்திரம் கிடைத்தது. வரிசையில் ஆறாவது. எம்.பி.க்குத் துணைக்கேள்வி இரண்டைத் தயார் செய்து, சட்டைப்பையில் வைக்கிற அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் அறையில் டி.வி. முன்னால். பதினோரு மணிக்கு அவை கூடியது. வேறொரு விவகாரத்துக்காக உறுப்பினர்கள் சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் இறங்கினார்கள், பதாகை, கோஷம். பதினொன்றே காலுக்குள் ஒத்திவைப்பு. இறங்கியவர்களில் எங்கள் எம்.பி.யும் ஒருவர். அட்டை அவர் பையிலேயே இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வாயால் பதில் வராவிட்டாலும் எழுத்துப் பதிலை மேசையில் வைத்தே ஆக வேண்டும். அந்தத் தாளில், வழக்கமான பத்திக்கு நடுவில், விடுவிக்கப்பட்ட படகுகளில் சில கடலில் ஓட்டிவர இயலாத நிலையில் இருப்பதாகத் தெரியவந்துள்ளது என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவ்வளவுதான். நாலு பிரதி எடுத்து ஊருக்கு அனுப்பினேன். சம்மாட்டி ஒன்றை பைனான்ஸ்காரரிடம் காட்டினார், இன்னொன்றை மாநில அரசின் படகு நிவாரண மனுவோடு சேர்த்து வைத்தார். பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் அந்த வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். பின்னால் நிவாரணமும் வந்தது. அந்தத் தாளால்தான் வந்தது என்று நான் சொன்னால் மீனவர் சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்காக அவர்கள் எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் போராடிக் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தவணைக்கு ஆள் அனுப்புவது நின்றதற்குத் தாள்தான் காரணம். இதை அவரே சொன்னார்.

எனவே, ஒரு பைசா பிரயோஜனம் உண்டா என்றால், சில சமயம் ஒரு தவணை அளவுக்கு உண்டு.

500 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கைக்காக எழுதுவது சுலபம். ஒரே கேள்வியில் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பத்து எம்.பி. அலுவலகத்தில் சுற்றும், நானே சுற்றவிட்டிருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 2005-இல் பதினொரு எம்.பி.க்களை வெளியே அனுப்பினார்கள், 2023-இல் இன்னொருவரை. அதே சமயம் உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும், அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை. நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டால் எல்லாம் வரும். பத்தை மட்டும் திறந்து படியுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அதையே வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் பதில்களைப் படிக்கிறார் என்று அர்த்தம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு இன்பாக்ஸில் பி.என்.ஆர். எண் அனுப்பாதீர்கள். நான் அந்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, எனக்கே போன தீபாவளிக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.