இருவர் சேர்ந்து நடத்தும் ஒலிப்பதிவுக்கூடம்: வெள்ளவத்தைத் தாயார் ஒருவருக்கு

மதிப்புக்குரிய அம்மா,

உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த உங்கள் மகன், தன் நண்பனோடு சேர்ந்து ஒலிப்பதிவுக்கூடம் தொடங்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு உறக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டை நம்பி வாழ முடியுமா என்ற உங்கள் கேள்வியில் பிழையில்லை. ஆயினும் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது: இருவரும் தங்களுக்குள் எதையுமே எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

வேலைக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. கோயில்களுக்கான பக்திப் பாடல்கள், அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகைக்குத் தேவைப்படும் பதிவுகள், பாடசாலைக் கீதங்கள், மும்மொழி விளம்பரக் குரல்கள், குறும்படங்களுக்கான பின்னணி இசை எனப் பல வழிகளில் வேலை வரும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் குரலை மட்டும் அனுப்பி, இங்கே இசை சேர்த்துத் தரச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வருமானம் மாதச் சம்பளம்போலச் சீராக வராது. வாடகையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

காலி வீதிக்குக் கடற்பக்கமாக இரண்டு இளைஞர்கள் நடத்தும் கூடமொன்றுக்குச் சென்றிருந்தேன். பாடகி ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிறுத்திய கணத்தில் ஒருவர் கையை உயர்த்திப் பதிவை நிறுத்தினார். கரையோரப் பாதையில் ரயில் போய்க்கொண்டிருந்தது. சுவர் முழுவதும் முட்டைத் தட்டுகளை ஒட்டிப் பார்த்துப் பயன் காணாதவர்கள் அவர்கள். அத்தட்டுகள் அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிதளவு மாற்றுமேயன்றி, வெளியிலிருந்து வரும் தாழ்ந்த ஒலியைத் தடுக்கமாட்டா. அதற்குக் கனமான சுவரும் இடைவெளியின்றி அடைபட்ட கதவும் வேண்டும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டிய பிறகும் மிஞ்சிய இரைச்சலுக்காக, ரயில் நேர அட்டவணையை மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் இசையமைக்கிறார், மற்றவர் பதிவையும், பதிந்த ஒலிகளை அளவாகக் கலக்கும் மிக்சிங்கையும் பார்க்கிறார். முற்பணம் வாங்குவதும் பற்றுச்சீட்டு எழுதுவதும் யார் பொறுப்பு என்பதுகூட அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. அந்தக் கூடம் நிலைத்து நிற்பதற்கு அந்தத் தாளே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலோடு தொடங்கும் பங்குடைமையை, அதாவது கூட்டுத் தொழிலை, எழுத்தில் ஏற்படுத்திக் கையொப்பமிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கணக்கீட்டுப் பாடத்தில் பங்குடைமைக் கணக்குச் செய்த உங்கள் மகனுக்கு இலாபப் பங்கு விகிதத்தை விளக்கத் தேவையில்லை. அவர் அறியாதிருக்கக் கூடியது பாட்டின் உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இசையமைத்தவரின் உரிமை வேறு, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் உரிமை வேறு. முன்னையது அவருடைய ஆயுட்காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இருபது வயதில் போட்ட மெட்டுக்காகப் பேரப்பிள்ளைகள் வழக்காட நேரலாம் என்பதால், ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தப் பாட்டு முடிந்த அன்றே குறித்துவைப்பது நல்லது.

பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் அதை அவர் கைவிடக் கூடாது. இதில் நான் உங்கள் பக்கம். ஆனால் பெறுபேறு வெளிவந்த பிறகு விரிவுரைகள் தொடங்கும்வரை பல மாதங்கள் இருக்கின்றன. அக்காலத்தில் கூடத்துக்கு இடம் எடுக்காமல், குரலை நுட்பமாகப் பதியும் நல்லதொரு கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஓடியோ இன்டர்பேஸ், ஹெட்போன் ஆகியவற்றோடு வீட்டு அறையிலேயே வேலை செய்யட்டும். ஒலியைப் பதிந்து தொகுக்க உதவும் ரீப்பர் மென்பொருளை 60 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். நகைகளை அடகு வைப்பதாக எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். வெளியார் ஐந்து பேராவது பணம் கொடுத்து வேலை வாங்கிய பிறகு வாடகையைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த முறை உங்கள் மகனோடு அவருடைய நண்பனையும், முடிந்தால் நண்பனின் பெற்றோரையும் அழைத்து வாருங்கள். ஒருவர் வெளிநாடு போக நேர்ந்தால் கருவிகள் யாருக்கு, பாதியில் நிற்கும் வேலைகள் யாருக்கு என்பதை நால்வர் முன்னிலையில் இருவரும் தங்கள் கையாலேயே எழுதட்டும்.