வாசகர் கேள்வி – பதில்: இருட்டை வைத்து மேடை கட்டியவர்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், சில ஆண்டுகளுக்கு முன் 'த ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' என்னும் இசை நாடகத்துக்கு என்னை அழைத்துச் சென்றாள். பாட்டு பாதிதான் புரிந்தது. ஆனால் ஏரியில் படகு வரும் காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த மேடையை அமைத்தவர் யார்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: அவர் பெயர் மரியா பியோர்ன்சன். 1949இல் பாரிசில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 2002 டிசம்பரில், 53ஆம் வயதிலேயே காலமானார். இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பரைப் பலரும் அறிவார்கள். கண்ணில் நின்ற காட்சியை உருவாக்கியவரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு என்பதால், தங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

1986 அக்டோபர் 9 அன்று லண்டனில் அரங்கேறிய அந்த நாடகத்தின் கதை, பாரிஸ் ஆபரா மாளிகையில் நடப்பது. தூணும் சுவருமாக மாளிகையையே எழுப்பிக் காட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பியோர்ன்சனோ மேடையின் பெரும்பகுதியைக் கருப்பாகவே விட்டு, கனத்த திரைச்சீலைகள், ஒரு படிக்கட்டு, ஒரு சரவிளக்கு எனத் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் அந்த இருட்டுக்குள் நிறுத்தினார். தாங்கள் கண்ட ஏரியில் தண்ணீரே கிடையாது. மேடைத் தளத்தின் திறப்புகள் வழியே விளக்குத் தண்டுகள் சுடர்விட்டபடி புகைக்குள்ளிருந்து மேலெழும்ப, அவற்றினூடே படகு நகர்கிறது. தண்ணீரை நம் மனம் ஊற்றிக்கொள்கிறது. முகமூடி விருந்துக் காட்சியில் படிக்கட்டை நிறைத்து நிற்கும் கூட்டத்தில் சிலர், உடையணிவிக்கப்பட்ட பொம்மைகள்! ஆடைகளையும் அவரே வடிவமைத்ததால், நடிகரின் அங்கிக்கும் பின்னால் தொங்கும் திரைக்கும் ஒரே கைவண்ணம் இருப்பதைக் காணலாம். நியூயார்க்கில் அந்நாடகம் மேடையேறிய 1988ஆம் ஆண்டிலேயே, மேடை அமைப்பு, ஆடை வடிவமைப்பு ஆகிய இரண்டுக்கும் அவருக்கு அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருது கிடைத்தது. அங்கு மட்டும் 2023 ஏப்ரல் வரை 13,981 காட்சிகள் நடந்தன.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில், இருவர் பிடித்து நிற்கும் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சியும் கீழே சலங்கைக் கால்களும் மட்டும் தெரிய, வேடக்காரர் பாடிக்கொண்டே நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், முழு ராஜாவையும் நாமே மனத்தில் கட்டி முடித்துவிடுகிறோம் அல்லவா? பியோர்ன்சன் நம்பியதும் பார்ப்பவரின் அந்த ஆற்றலைத்தான். நாமக்கல்லில் பிறந்த ஆர்.எஸ்.மனோகர், புராண நாடகங்களில் பிரம்மாண்ட அரங்கங்களையும் தந்திரக் காட்சிகளையும் கொண்டு கூட்டத்தை வியக்க வைத்தார். அது வேறொரு வழி, அதற்கும் பெரும் திறமை வேண்டும். ஆனால் எதைக் காட்டாமல் விடுவது என்று துணிவதே கடினமான கலை என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டு விழா இசை நாடகத்துக்கு மேடை அமைக்கிறேன், கையில் பணம் குறைவு. இவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?
– ஓர் ஆசிரியர், ஏற்காடு.

பதில்: கருப்புத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பில்லாத துணியாகப் பார்த்து வாங்கி, மடிப்பு நிறைய விழும்படி, மேடையின் அகலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளத்துக்குத் தொங்கவிடுங்கள். விளக்குகளை முன்னாலிருந்து பாய்ச்சினால் துணி வெளுத்துத் தெரியும். பக்கவாட்டில் வைத்தால் பிள்ளைகள் மீது மட்டும் வெளிச்சம் விழும். ஒரு காட்சிக்கு ஒரே ஒரு பொருள் போதும், ஆனால் அது கடைசி வரிசைக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.